சிறுதொழிலும் தொலைநிலை உதவியாளரும்

முன்னுரை

சிறுதொழில் செய்வோர் பல வேலைகளைத் தனி ஆளாக நின்று பார்ப்பவர்கள். பொருளைச் செய்பவரும் அவரே. விலை சொல்பவரும் அவரே. கணக்கு எழுதுபவரும் அவரே. தொழில் சற்று வளர்ந்ததும் இந்நிலையே மேலும் வளர்வதற்குத் தடையாகிறது. அலுவலகம் வைத்து ஆள் அமர்த்த இயலாதோர்க்கு இன்று ஒரு வழி உண்டு. வேறோர் ஊரில் தம் வீட்டிலிருந்தபடியே கைப்பேசி வழியாகச் சில மணி நேரம் பணிபுரியும் உதவியாளரை அமர்த்திக்கொள்வதே அது. இவரை 'மெய்நிகர் உதவியாளர்' என்பர். பெயர் புதிதாயினும் இவர் இயந்திரம் அல்லர். ஊதியம் பெறும் மனிதரே. இவரை அமர்த்துமுன் அறியவேண்டியவற்றை, வகுப்பில் பயின்ற பாடங்களோடும் என் அத்தையின் தொழிலோடும் பொருத்திக் காண்போம்.

எந்த வேலையைக் கொடுப்பது?

அத்தை சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை செய்து விற்கிறார். துணியில் நூலால் சிறு முடிச்சுகள் இட்டுச் சாயம் தோய்த்து, பின் முடிச்சை அவிழ்த்தால் புள்ளிகள் பூத்து நிற்கும். இத்தகைய நுண்தொழில் தெரிந்த அவருக்கு, வாட்ஸ்அப்பில் விலை கேட்போருக்கு விடை சொல்வதிலேயே நாள்தோறும் 3 மணி நேரம் கழிந்தது. "நான் சொல்ற மாதிரி வேற யாருப்பா சொல்லுவா?" என்பார்.

அது உண்மையே. எனினும் 1817ஆம் ஆண்டில் டேவிட் ரிக்கார்டோ விளக்கிய ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாட்டை நினைவிற்கொள்க. இங்கிலாந்து, போர்ச்சுக்கல் நாடுகளின் துணியையும் மதுவையும் வைத்து அவர் சொன்னது தனிமனிதர்க்கும் பொருந்தும். இரு வேலைகளிலும் ஒருவரே வல்லவராயினும், எதில் அவருடைய மேன்மை மிகுதியோ அதைத் தாம் செய்து, மற்றதைப் பிறரிடம் விடுவதே இருவர்க்கும் ஆதாயமாகும்.

வரவும் செலவும்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். மாதம் 26 நாள், நாளுக்கு 3 மணி என 78 மணி நேரம் அத்தைக்கு மிஞ்சுகிறது. மணிக்கு 100 ரூபாய் ஆதாயமெனில் 7,800 ரூபாய். அதே வேலைக்குப் புதியவருக்கு நாளுக்கு 4 மணி நேரம் ஆகலாம். மணிக்கு 60 ரூபாய் வீதம் 104 மணிக்கு ஊதியம் 6,240 ரூபாய். மீதம் 1,560 ரூபாய். முதல் மாதத்தில் வேலை கற்பிக்க நாளுக்கு அரை மணி செலவாயின் அதிலும் 1,300 ரூபாய் போய்விடும். மிஞ்சுவது 260 ரூபாயே. மிஞ்சிய நேரத்தில் சேலை உருவாகாவிடில் ஊதியம் முழுவதும் நட்டமே. ஆகவே, விற்கத்தக்க பொருளாக நேரத்தை மாற்ற வழியுள்ளவரே ஆள் அமர்த்த வேண்டும்.

முதல்வரும் முகவரும்

என் சொற்படி, 2024ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முன் அத்தை ஒரு பெண்மணியை அமர்த்தினார். மூன்றாம் வாரத்தில் ஒரு சேலையை அவர் ஒருவருக்கு உறுதி சொல்லிப் பணமும் பெற்றுவிட்டார். அதே சேலையை அன்று காலையில் அத்தை வீட்டிற்கு வந்தவரிடம் விற்றிருந்தார். "ஒத்தச் சேலைய ரெண்டு பேருக்கு வித்துட்டோமேப்பா" என்று அத்தை கலங்கினார். பணத்தைத் திருப்பித் தந்தும், பல ஆண்டுகளாக வாங்கிவந்த அந்த வாடிக்கையாளர் மீண்டும் வரவில்லை. அப்பெண்மணியை நிறுத்திவிடவே அத்தை எண்ணினார்.

ஆனால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் என்ன சொல்கிறது? பிறருடன் நடத்தும் செயல்களில் ஒருவருக்காக இயங்குபவர் முகவர் என்கிறது 182ஆம் பிரிவு. முகவர் வழியாகச் செய்த ஒப்பந்தம் முதல்வரையே கட்டுப்படுத்தும் என்கிறது 226ஆம் பிரிவு. அப்பெண்மணி கொடுத்த வாக்கு அத்தையின் வாக்கே. இருப்பு நிலையை அவருக்கு உடனுக்குடன் தெரிவிக்க நாங்கள் ஏற்பாடு செய்யாததே பிழைக்குக் காரணம். இதை எடுத்துச் சொன்னபின் அத்தை மனம் மாறினார்.

செய்த ஏற்பாடுகள்

1. ஒவ்வொரு சேலைக்கும் எண்ணிட்டு, இருவரும் தத்தம் கைப்பேசியில் காணும் ஒரே பட்டியலில் பதிந்தோம். பட்டியலைப் பார்த்தபின்பே உறுதி சொல்ல வேண்டும். விற்றதும் குறிக்க வேண்டும்.

2. தாமே முடிவு செய்யத்தக்கவை, கேட்டுச் செய்யவேண்டியவை, செய்யக்கூடாதவை என வேலைகளை மூன்றாகப் பிரித்து எழுதினோம். விலைக் குறைப்பு இரண்டாம் வகை. பணத்தைத் திருப்பி அனுப்புதல் மூன்றாம் வகை.

3. யுபிஐ வழியாகப் பணம் பெற இரகசிய எண் தேவையில்லை. ஆதலால் அவ்வெண்ணையோ வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லையோ உதவியாளரிடம் தருவதில்லை.

4. வாட்ஸ்அப்பை அவருடைய கருவியில் இணைத்துக்கொடுத்தோம். பணி முடிந்து விலகும்போது இணைப்பை நீக்கிவிடலாம்.

முடிவுரை

எவரிடம் எச்செயலை ஒப்படைப்பது என்பதற்கு வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆளைத் தெரிவதோடு, ஒப்படைக்கும் வேலையையும் நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அப்பெண்மணி இன்றும் அத்தையிடம் பணிபுரிகிறார். நம்மில் சிலர் நாளை சிறுதொழில் நடத்துவோம். சிலர் இத்தகைய உதவியாளராகவும் பணியாற்றுவோம். எவ்விடத்தில் இருப்பினும், முதல் நாளிலேயே பொறுப்பின் எல்லையை எழுத்தில் கேட்டுப் பெறுவோம், எழுத்திலேயே கொடுப்போம்.