போர்டில் வரைந்த இதயம்

28 வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். போர்டில் நாலு அறை போட்டு, நல்ல ரத்தம் எந்தப் பக்கம், கெட்ட ரத்தம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுவது கண்ணை மூடினாலும் வரும். ஆனால், "உங்க பிரஷர் 160/100" என்று டாக்டர் சொன்னபோது என் வாயில் வந்தது இதுதான்: "தலைசுத்தல்கூட இல்லையே சார்?"

பிரஷர் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது என்று வகுப்பில் சொன்னவள் கேட்ட கேள்வி அது.

மாத்திரை தந்தார். நடக்கவும் சொன்னார். மாத்திரையைப் போட்டேன், நடக்கவில்லை. நாள் முழுக்க வகுப்பில் நிற்கிறேன், வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்கும் கொல்லைக்கும் அலைகிறேன், இதற்குமேல் என்ன நடை என்பது என் வாதம். அளவு சரியாக வந்ததும் மாத்திரையையும் நானாகவே நிறுத்தினேன். அடுத்த மாதமே பழையபடி ஏறிவிட்டது. மாத்திரை போட்டதால்தான் அது அடங்கியிருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஓய்வு பெற்றபின் என்னை நடக்க வைத்தது, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து, பிரஷரும் பார்க்கும் பெண். அடுப்படியிலிருந்து ஓடிவந்து கையை நீட்டினால் பட்டையைச் சுற்றவே மாட்டாள். "அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க டீச்சர். நல்லா சாஞ்சுக்குங்க, கால்மேல கால் வேண்டாம், பேசவும் வேண்டாம்." என் கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள். ஒருநாள் கேட்டாள்: "வீட்டுக்குள்ள நடக்கறீங்களே, மூச்சு கொஞ்சமாவது வாங்குதா?" இல்லை என்றேன். "அப்ப அது பத்தாது டீச்சர்."

மறுநாள் விடிகாலை மகாமகக் குளக்கரைக்குப் போனேன். கும்பகோணத்தில் பாதிப் பேர் அங்கேதான் நடக்கிறார்கள். இரண்டு வருஷ நடையில் கற்றவை இவை:

வேகம்: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

நேரம்: வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை அரை மணி. முழங்கால் ஒத்துழைக்காத நாளில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடப்பேன்.

நிறுத்துவது: வேகமாக நடந்துவந்து சட்டென்று நின்றதில் ஒருநாள் கண் இருட்டி, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுநடைதான்.

தூக்குவது: தண்ணீர்க் குடமோ அரிசி மூட்டையோ, மூச்சை அடக்கித் தூக்கினால் பிரஷர் எகிறும். மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும்.

வாய்: நடை முடிந்ததும் எங்கள் குழு நேராக டீக்கடைக்குப் போகும். வடையோடு போனால் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து பழைய சோற்றுக்கு இரண்டு துண்டு ஊறுகாய். ஒரு நாளைக்கு மொத்த உப்பே ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள், இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வத்தல் மூன்றையும் மேஜையிலிருந்து எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன்.

நடக்கக் கூடாத நாள்: அளவு 180/110-ஐத் தாண்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ நடை கிடையாது, டாக்டர்தான்.

இப்போது என் நோட்டில் 132/82-ஐ ஒட்டித்தான் எண்கள் வருகின்றன. இரண்டு மாத்திரையில் ஒன்றை டாக்டரே குறைத்தார். இன்னொன்று தொடர்கிறது. அதை நானாக நிறுத்துவதாக இல்லை.

போன வாரம் அந்தப் பெண் வந்தபோது கேட்டேன்: "ஊருக்கெல்லாம் பாக்கறியே, உனக்குப் பாத்துக்கிட்டியாம்மா?"

"எனக்கென்ன டீச்சர், தலைசுத்தல்கூட இல்லையே!"

நாற்காலியை இழுத்துப் போட்டு, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொன்னேன்.