சுமையறிந்து பறக்க

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ முடித்ததும் பைலட் ஆகப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். கூடவே, "பயணிகள் விமானத்துல வேலை கிடைக்காதவங்கதானே மாமா கார்கோ ஓட்டப் போறாங்க?" என்றும் கேட்டிருக்கிறாய். உன் அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்த நாட்டில் விமானத் தொழில் பயணிகளை நம்பித் தொடங்கவில்லை. 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அலகாபாத்தில் சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு, யமுனையைத் தாண்டி நைனியில் போய் இறக்கினார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்ததும் தபால்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்தது அந்தத் தபால் சேவைதான். 1949-இல் இரவுத் தபால் விமானங்கள் வந்தன. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னையிலிருந்து கிளம்பி நள்ளிரவில் நாக்பூரில் கூடும்; மூட்டைகளை மாற்றிக்கொண்டு தத்தம் ஊருக்குத் திரும்பும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் 1996 முதல் செய்துவருவதும் ஏறக்குறைய இதே இரவு வேலைதான். இந்த வரிசையில் வருகிற வேலையை யாரும் இரண்டாந்தரம் என்று சொல்ல நான் விடமாட்டேன்.

நம் பக்கத்துக்கு இது எவ்வளவு வேண்டியது என்று திருப்பூரில் கேட்டுப்பார். பனியன் ஆர்டர் பெரும்பாலும் கப்பலில்தான் போகும். தேதி தவறும்போது விமானத்தில் ஏற்றுவார்கள். லாபம் போய்விடும் என்று தெரிந்தே ஏற்றுவார்கள், அடுத்த ஆர்டராவது தங்கட்டும் என்று. சத்தியமங்கலத்து மல்லிக்கோ காத்திருக்கவே நேரமில்லை. நம் பீளமேடு விமான நிலையத்திலிருந்து போகிற சரக்கில் பெரும்பகுதி பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. மிச்சம் லாரியில் கொச்சிக்கோ பெங்களூருக்கோ சென்னைக்கோ போய் அங்கே விமானம் ஏறுகிறது. ஆகவே நீ கார்கோவுக்கு வந்தால் வீடு கோவையிலும் வேலை வெளியூரிலும்தான் இருக்கும். இதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடு.

இனி வேலைக்கு வருகிறேன். பயணி சீட் பெல்ட்டைத் தானே மாட்டிக்கொள்வார், புகை வந்தால் சத்தம் போடுவார். சரக்கு பேசாது. அதனால் உன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எவ்வளவு எடை, எந்த இடத்தில், எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே நீ அறிந்திருக்க வேண்டும். உன் அப்புச்சி மாட்டு வண்டியில் பருத்தி ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பாரே, அதே கணக்குதான். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும். விமானத்தில் மூக்கு தூக்கும். லோட் ஷீட் என்ற தாளில் அந்தக் கணக்கு இருக்கும். அதில் கேப்டன் கையெழுத்துப் போட்ட பிறகு பொறுப்பு அவருடையது. சரக்கு அடுக்கிய பலகையான பேலட்டின் வலை இறுகியிருக்கிறதா, தரையிலுள்ள லாக் நிமிர்ந்து பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்து நடந்து பார்க்கிற கேப்டன்களிடம் வேலை கற்றுக்கொள்.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய நேஷனல் ஏர்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானத்தில் ராணுவக் கவச வண்டிகள் இருந்தன. சரியாகக் கட்டப்படாத ஒரு வண்டி, விமானம் மேலேறும்போது பின்னால் நகர்ந்து, ஹைட்ராலிக் குழாய்களையும் வால் இறக்கையை அசைக்கும் கருவியையும் உடைத்தது. அதற்குப் பிறகு விமானிகள் கையில் எதுவும் இல்லை. ஏழு பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் காணொளியை வேடிக்கையாகப் பார்க்காதே. விசாரணை அறிக்கையைப் படி. எத்தனை பட்டை வேண்டும் என்ற தரைக் கணக்கிலேயே தவறு தொடங்கிவிட்டது என்பது புரியும்.

நெருப்பு இன்னொன்று. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யூபிஎஸ் சரக்கு விமானத்தில் லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கு தீப்பிடித்தது. திரும்பி வருவதற்குள் காக்பிட்டில் கருவிகளே தெரியாத அளவு புகை. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். பல சரக்கு விமானங்களின் மேல்தளத்தில் தீயணைப்பு வாயு கிடையாது. காற்றோட்டத்தை நிறுத்தி, உள்ளழுத்தத்தைக் குறைத்துத் தீயை அடக்கப் பார்ப்பதுதான் வழி. அதனால்தான் அபாயச் சரக்கு எது, எங்கே இருக்கிறது என்று கேப்டனுக்கு எழுத்தில் கொடுக்கிறார்கள். அதை வரிவரியாகப் படி. லாரி தாமதமாக வந்திருக்கும், எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். அப்போதும் படி.

இரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை உடம்பு தூங்கத் துடிக்கும் நேரம். கார்கோவில் நிறைய வேலை அந்த நேரத்தில்தான். பகலில் தூங்கப் பழக வேண்டும்; வீட்டாரும் பழக வேண்டும். கல்யாணம், நோம்பி என்று எழுப்பினால் எழுந்துவிடாதே. களைப்பாக இருந்தால் முடியாது என்று சொல்வதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

வாடகைக்கு எடுக்கிற சார்ட்டர் விமான வேலை வேறு மாதிரி. நேர அட்டவணை இல்லை. தொலைபேசி வந்தால் கிளம்ப வேண்டும். நோயாளி, தொழிலதிபர், தேர்தல் நேரத்தில் தலைவர் என்று யாரும் வரலாம். ஆள் குறைவென்பதால் எரிபொருள், அனுமதி, வானிலை எல்லாவற்றையும் விமானியே பார்ப்பதுண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெரிய மனிதர் என்பதால் "இறங்கிடலாம் கேப்டன்" என்ற ஒரு சொல்லே அழுத்தமாக விழும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் வருகிற காற்றை நீ அறிவாய். கோவை ரன்வே தென்மேற்கு–வடகிழக்காகக் கிடப்பதால் அந்தக் காற்று பெரும்பாலும் எதிர்க்காற்றாகவே கிடைக்கும். ஆனாலும் திடீர் வீச்சுகள் சிறு விமானத்தை உலுக்கிவிடும். அந்த நேரத்தில் திரும்பிப் போகலாம் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

கம்பெனிகள் நிலைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் வந்த பாரமவுண்ட் ஏர்வேஸ் சில ஆண்டுகளில் நின்றது. நம் கோவையில் தொடங்கிய ஏர் கார்னிவல் 2016-இல் பறந்து அடுத்த ஆண்டே முடங்கியது. கோபிநாத் என்பவர் தொடங்கிய டெக்கான் 360 சரக்குச் சேவைக்கும் இதே கதி. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் எந்தக் கம்பெனியிலும் சேராதே.

இயற்பியலும் கணக்கும் படிக்கிறாய், நல்லது. சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான சிபிஎல் உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். கேப்டனாவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம். செலவு அரைக்கோடியை நெருங்கும், குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் தனி. எனவே பணம் கட்டும் முன் மெடிக்கல். முதலில் கிளாஸ் டூ, பிறகு கிளாஸ் ஒன். கண்ணாடி போட்டிருப்பது தடையல்ல, போட்டுப் பார்க்கும்போது பார்வை தேறினால் போதும். நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் சிக்கல். இது தெரியாமல் தோப்பை அடமானம் வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நம் வீட்டில் அது நடக்கக் கூடாது.

பொங்கல் நோம்பிக்கு வருகிறேன். அதற்குள் கிளாஸ் டூ முடித்து ரிப்போர்ட்டை எடுத்துவை. வங்கிக் கடன் பற்றி அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா