காய்ந்துபோன சொலூஷன்

மூன்று கிழமையாக ஆயத்தப்படுத்திய ஓட்டத்தை விரலளவு சொலூஷன் டியூப் ஒன்று கெடுத்துவிட்டது. சைக்கிளோடு லாண்ட்மாஸ்டரில் ஏறி வந்தேன் என்ற கதை திருகோணமலை ரவுணில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏன் ஏறினேன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். மூதூர் கிழக்கின் கிறவல் றோட்டுகளில் சைக்கிள் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு இது பயன்படும்.

முதலில் பாதை. என்னைப் போல நீங்களும் கந்தோர் வேலைக்காரராக இருந்தால் சனிக்கிழமைதான் கிடைக்கும். உவர்மலையிலிருந்து விடிய நாலரைக்குப் புறப்படுங்கள். சீனக்குடா, கிண்ணியா, உப்பாறு, மூதூர் எல்லாம் நல்ல தார் றோட்டு, சொல்ல அதிகமில்லை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை எங்கள் அப்பாமார் சைக்கிளைப் பாதைப் படகில் ஏற்றித்தான் அக்கரைக்குப் போனார்கள். இப்போது இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம். மூதூரில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, கட்டைபறிச்சான், சேனையூர் தாண்டினால் சம்பூர்.

நான் சொல்ல வந்த றோட்டு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இளக்கந்தை, பாட்டாளிபுரம், உப்பூறல், சீனன்வெளி, பிறகு இலங்கைத்துறை முகத்துவாரம். சில இடத்தில் செங்கிறவல், சில இடத்தில் சக்கரம் புதைகிற மணல். ஒரு பக்கம் பற்றைக்காடு. மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கடலின் இரைச்சல் கேட்டுக்கொண்டே வரும். நான் போன அன்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு வாகனத்தையும் காணவில்லை.

அந்த அமைதியை வெறும் அழகாகப் பார்க்காதீர்கள். 2006இல் போரால் சம்பூர்ச் சனம் ஊரைவிட்டு ஓடியது. சொந்தக் காணிக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல்தான். இடையில் எத்தனை வளவுகள் காடாகிப் போயின. ஆகவே கிணற்றடியில் நிற்கிறவர்களைக் கண்டால் போனை எடுக்க முதல் இறங்கி நின்று கதையுங்கள். றோட்டைவிட்டு விலகும் ஒற்றையடிப் பாதைகளில் கேட்காமல் நுழையாதீர்கள். எச்சரிக்கைப் பலகையோ கம்பி வேலியோ கண்டால் அந்த இடத்திலேயே திரும்புங்கள்.

என்னோடு வருவதாகச் சொன்ன மூன்று பேரும் வெள்ளி இரவு பின்வாங்கினார்கள். ஒருவருக்குக் கலியாண வீடு, மற்றவருக்கு இடுப்பு நோ, மூன்றாமவர் போனே எடுக்கவில்லை. தனியாகப் போனதுதான் பிழை என்று இன்று சொல்பவர்களும் அவர்களே. நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களுக்காகக் காத்திருந்தால் இன்னும் உவர்மலைச் சந்தியில்தான் நின்றிருப்பேன்.

ஆயத்தத்துக்கு யோசனை சொன்னவன் அக்காவின் மகன். அவன் பிரான்சில் இருக்கிறான். அங்கே கிராமப்புற மண் பாதைகளில் சைக்கிள் ஓடுவது பெரிய பழக்கம். வடமேற்கில், பிரித்தானி மாநிலத்தின் பண்ணைப் பாதைகளில் 1984 முதல் ட்ரோ ப்ரோ லியோன் என்ற போட்டியே நடக்கிறது. பாரத்தைக் குறையுங்கோ, ஒரு போத்தல் தண்ணி போதும், முடிந்தால் வழியில் நிரப்புங்கோ என்றான். அவன் ஊரில் அது சரி. அங்கே கிராமத்துச் சேமக்காலைகளில்கூடக் குழாய் இருக்கும். சைக்கிள்காரர் அதில்தான் போத்தலை நிரப்புவார்களாம். இந்தக் கரையில் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர். நான் நாலு லீற்றர் கொண்டுபோனேன். "கலியாண வீட்டுக்கா தண்ணி காவுறாய்?" என்று நண்பர்கள் சிரித்தார்கள். அந்த நாலு லீற்றர்தான் அன்று என்னைக் காப்பாற்றியது.

மருமகன் இன்னொன்றும் கேட்டான்: "மாமா, ஒட்டுச் சாமான் இருக்கோ? சொலூஷனைத் திறந்து பாத்தீங்களோ?"

"எல்லாம் இருக்கடா" என்றேன். பை இருந்தது. பைக்குள் டியூப் இருந்தது. திறந்து பார்க்கவில்லை.

உப்பூறல் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எதிரே மாட்டுப் பட்டி ஒன்று வந்தது. வழிவிடச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரப் புல்லுக்குள் இறங்கினேன். பத்து அடிகூட இருக்காது. பட்டி போனபிறகு ஏறி மிதித்தேன். முன் சக்கரம் தொளதொளத்தது. இறங்கிப் பார்க்கப் பின் சக்கரமும் அப்படியே.

நெருஞ்சி. அதன் மஞ்சள் பூவைப் பார்த்துக்கொண்டேதான் புல்லுக்குள் இறங்கியிருந்தேன். காய்ந்த நெருஞ்சிக் காய் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீள முள். எப்படி விழுந்தாலும் ஏதோ ஒரு முள் மேலே பார்த்தபடி கிடக்கும். முன் டயரில் ஏழு, பின் டயரில் நாலு எண்ணினேன். நகத்தால் கிள்ளி எடுக்கும்போது ஒவ்வொன்றும் சிறு சீற்றத்தோடு வந்தது. பிறகு டயரின் உட்புறத்தை விரலால் தடவி, முறிந்து நின்ற முனைகளையும் எடுத்தேன். அதைச் செய்யாமல் புது டியூப் போட்டால் அதுவும் அந்த இடத்திலேயே போய்விடும்.

மேலதிக டியூப் ஒன்றைப் பின் சக்கரத்துக்குப் போட்டேன். முன் டியூபுக்கு ஒட்டுப் போட வேண்டும். உரசி, துடைத்து, சொலூஷன் மூடியைத் திறந்து அமத்தினேன். ஒன்றும் வரவில்லை. அடியிலிருந்து சுருட்டி அமத்தினேன். கத்தியால் பிளந்து பார்த்தால், உள்ளே காய்ந்த புண்ணின் பொருக்குப் போல மஞ்சள் தோல் ஒன்று ஒட்டிக்கிடந்தது. ஒருமுறை திறந்த சொலூஷன், மூடியை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் கொஞ்சமாய் ஆவியாகிவிடும். நான் அதைத் திறந்து ஒரு வருடத்துக்கு மேல்.

அந்த வெயிலில் நின்று அழாத குறை. டயர், பிரேக், செயின், தண்ணீர் எல்லாம் இரண்டு தரம் பார்த்தவன் நான். ஒரு தேத்தண்ணிக் காசுக்கு வாங்கும் சாமானைப் பார்க்கவில்லை.

புல்லை அறுத்து முறுக்கி, டயருக்குள் டியூபுக்குப் பதிலாக இறுக அடைத்தேன். இதை மனதில் வையுங்கள். மெதுவாக உருட்ட உதவும். ஆனால் ஏறி ஓடியபோது இரண்டு கிலோமீற்றருக்குள் புல் நைந்து ரிம் தரையில் இடித்தது. பிறகு நடைதான். அதற்குள் கச்சான் பலத்துவிட்டது. ஆனி, ஆடியில் இங்கே நிலத்தைக் காய்ச்சிக்கொண்டு மேற்கிலிருந்து வீசும் காற்று அது. காலையில் முதுகில் தள்ளிவிட்ட அதே காற்று, வீட்டுப் பக்கம் திரும்பினால் முகத்தில் மண்ணை அறையும்.

பின்னேரம் நாலரைக்கு விறகு ஏற்றிய லாண்ட்மாஸ்டர் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். சைக்கிளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"எங்க மகன் போறீங்க?"

"மெயின் றோட்டுக்கு ஐயா. நடந்து போயிருவன்."

"நடக்க ஏலாது. இது ஆனை இறங்குற நேரம். ஏறுங்க."

ஏறினேன். நான் நின்ற ஈச்சிலம்பற்றுப் பக்கம் மாலையில் யானை வரும் என்று அங்குள்ள குழந்தைக்கும் தெரியும். அந்த மண்ணில் வாழ்கிற மனிதர் ஏறு என்றால் ஏறுவதுதான் புத்தி. இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தவர்கள் யோசிக்கட்டும்.

இனி நான் மாற்றாமல் கடைப்பிடிப்பவை. ஒவ்வொரு நெடுந்தூர ஓட்டத்துக்கும் உடைக்காத புதுச் சொலூஷன். மேலதிக டியூப் இரண்டு. டயரில் காற்றை இறுக அடிக்காமல், பெருவிரலால் அமத்தினால் சற்று அமிழும் அளவு. மணலிலும் கிறவலிலும் அதுதான் பிடிக்கும். மாடு வந்தால் றோட்டிலேயே ஓரமாக நிற்பது. மாடு தானே விலகிப் போகும். எங்கே நின்றாலும் பிற்பகல் மூன்று மணிக்குள் மெயின் றோட்டுக்கு வந்துவிடுவது. உங்களிடம் இருப்பதும் என்னுடையதைப் போலப் பழைய லுமாலாவாக இருந்தால் விலையுயர்ந்த சைக்கிளுக்கு ஏங்க வேண்டாம். அன்று அதன் இரும்புச் சட்டம் ஒரு சொல் முனகவில்லை.

ஆறு கிழமை கழித்து அதே றோட்டால் தனியாகப் போய், முகத்துவாரம் வரை ஓடித் திரும்பினேன். வழியில் அந்த ஐயாவின் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அவருடைய பேரனின் சைக்கிள் முற்றத்தில் காற்றுப்போய்ச் சாய்ந்து நின்றது. பையிலிருந்த புதுச் சொலூஷனை உடைத்து, மூன்று ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டு, அடுத்ததை மூதூரில் வாங்கினேன்.