கழிவுநீர் போகும் பாதை
(படிப்புக் கட்டுரை)



வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள்காமாலை என்று வருகிறவர்களுக்கு மருத்துவமனையில் சிகிச்சை அளித்து வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆனால் அவர்கள் குடிக்கும் கிணற்றில் மனிதக் கழிவு கலந்துகொண்டே இருந்தால், அதே வீட்டார் மீண்டும் நோயோடு வருவார்கள். ஆகவே கழிவுநீரைப் பற்றி அறிவது நம் பணிக்கு அவசியமாகிறது.

பெய்யும் மழை எந்த ஓடைக்கு வடிகிறதோ, அந்த நிலப்பரப்பு முழுவதும் அந்த ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதியாகும். அதில் மேட்டில் இருப்பவர் கொட்டுவது, பள்ளத்தில் இருப்பவரின் குடத்துக்கு வந்து சேரும்.

ஒரு சிற்றூரின் அனுபவம்

அமெரிக்காவின் வடகலிபோர்னியாவில், ஹம்போல்ட் விரிகுடாக் கரையில் உள்ள சிற்றூர் ஆர்க்கேட்டா. இருபதாயிரத்துக்கும் குறைவானவர்களே வசிக்கிறார்கள். அந்த விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு ஒரு முக்கியத் தொழில். கழிவுநீர் கெட்டால் சிப்பியும் கெடும், உண்பவருக்கும் ஆபத்து.

1974-இல் மாநில அரசு, விரிகுடாக்களில் கழிவுநீர் விடுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. பல ஊர்களுக்கும் பொதுவாக, பெரும் செலவில் ஒரே நிலையம் கட்டும் திட்டம் வந்தது. ஆர்க்கேட்டா மக்கள் வேறு வழி தேடினார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஜார்ஜ் ஆலன், ராபர்ட் கியர்ஹார்ட் ஆகியோர் சதுப்பு நிலமே நீரைச் சுத்தப்படுத்தும் என்றனர். 1979-இல் சோதனை தொடங்கியது. 1986-இல் முழுத் திட்டமும் இயங்கியது. பழைய குப்பைமேடும் மர ஆலைகளும் இருந்த கரையே சதுப்பு நிலமாக மாறியது.

செயல்படும் விதம்

1. கம்பி வலைகள் கந்தல், பிளாஸ்டிக் முதலியவற்றைத் தடுக்கின்றன, மணல் பிரிக்கப்படுகிறது.
2. தொட்டியில் நீர் மெதுவாகச் செல்லும்போது கசடு அடியில் தங்குகிறது.
3. அகன்ற குளங்களில் பாசி வெயிலில் வளர்ந்து பிராணவாயு தருகிறது. அதைக் கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன.
4. பின்னர் நீர் கோரையும் சம்பும் அடர்ந்த சதுப்பில் ஊர்ந்து செல்கிறது. நிழலில் பாசி மடிகிறது. மிச்சமுள்ள தூசு படிகிறது.
5. கடைசியாகக் கிருமி நீக்கப்பட்டு விரிகுடாவை அடைகிறது.

இன்று அங்கே பறவைகளைக் காண மக்கள் உலாவ வருகிறார்கள்.

நாம் கற்பது

வேலை செய்பவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவற்றுக்கு நேரம் வேண்டும். ஆகவே பினாயில், பிளீச்சிங் பவுடர், காலாவதியான மருந்து ஆகியவற்றைச் செப்டிக் டேங்கில் அளவின்றிக் கொட்டினால் அந்த உயிர்கள் மடியும், டேங்கும் பயனற்றுப்போகும். கசடை உரிய காலத்தில் அகற்றாவிட்டால் அழுக்கு நேரே வெளியேறும். உறிஞ்சுகுழி, கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, தாழ்வான பக்கத்தில் இருக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலாக உள்ள இடத்தில் இந்தத் தூரமும் போதாது. சதுப்பும் கவனிப்பாரின்றி விடப்பட்டால் கொசு பெருகும்.

குழுவில் கலந்து பேச:

அ. உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது?
ஆ. உங்களுக்குக் கீழ்ப்புறம் தண்ணீர் எடுப்பவர்கள் யார்?
இ. செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது?

இரண்டாம் கேள்விக்கு விடை தெரியாதவர்கள், ஒரு மாலை வேளையில் ஓடைக்கரை வழியே நடந்து பார்த்து வரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.