முட்டைத் திருடன் என்ற பழி

அன்புள்ள கயல்,

பள்ளிக் கண்காட்சிக்கு டைனோசர் பொம்மை செய்யப் போய், ஒரு புத்தகத்தில் செதிலும் இன்னொன்றில் இறகும் பார்த்துச் சலித்துவிட்டாய் போலிருக்கிறது. "நாளுக்கொன்று சொல்கிறார்களே, எதைத்தான் நம்புவது அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான எரிச்சல்தான். அதற்காக எல்லாமே ஊகம் என்று தள்ளிவிடாதே. மண்ணிலிருந்து எடுத்தது எது, அதை வைத்து யோசித்துச் சொன்னது எது என்று பிரித்துப் படித்துப் பழகு.

ஒவிராப்டர் என்ற டைனோசரையே பார். 1923-ல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் குழுவுக்கு ஒரு முட்டைக் கூடு கிடைத்தது. அதன்மேல், சில அங்குல மணல் இடைவெளியில், பல்லில்லாத அலகுடைய ஓர் எலும்புக்கூடு. அங்கே புரோட்டோசெராடாப்ஸ் என்ற வேறொரு டைனோசரின் எலும்புகள் ஏராளம். ஆகவே முட்டைகளும் அதனுடையவை என்றே நினைத்தார்கள். மேலே கிடந்தது திருட வந்ததாம்! மறு ஆண்டே அந்த அருங்காட்சியகத்தின் தொல்லுயிரியலாளர் ஆஸ்போர்ன் அதற்கு முட்டைத் திருடன் என்ற பொருளில் பெயர் வைத்தார். எனக்குப் பிடித்த இடம் இதுதான்: இந்தப் பெயர் அதன் உணவுப் பழக்கத்தைத் தவறாகக் காட்டக்கூடும் என்று அதே கட்டுரையில் அவரே எழுதிவைத்தார். பெயர் ஊரெல்லாம் பரவியது. எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை.

1993-ல் அதே கோபியில், அதே வகை முட்டை ஒன்றுக்குள் கருவின் எலும்புகள் கிடைத்தன. அது ஒவிராப்டர் குடும்பத்துக் கரு. அதே குடும்பத்தின் சிட்டிபட்டி என்ற டைனோசர், முன்கைகளை விரித்து முட்டைகளை அணைத்தபடி அடைகாக்கும் நிலையிலேயே கிடைத்தது. எழுபது ஆண்டுப் பழி நீங்கியது. ஆனால் முதலில் வைத்த பெயரை மாற்ற விதி இடம் தராது. பாவம், இன்னும் திருடன்தான்.

டி. ரெக்ஸ் குரங்களவு புத்திசாலி என்று நீ படித்ததும் இந்த ரகம்தான். கையில் இருப்பது மண்டையோட்டின் உட்குழி மட்டுமே. பறவையைப் போல மூளை அதை நிறைத்திருந்தது என்று கொண்டு, நரம்பணுக்களின் எண்ணிக்கை பபூன் குரங்குக்கு இணை என்று 2023-ல் ஓர் ஆய்வாளர் கணக்கிட்டார். ஊர்வனவற்றில் மூளை அப்படி நிறைவதில்லையே என்று 2024-ல் ஒரு குழு மறுத்தது. அதன் புத்தி முதலையளவுதான் என்றது. குழி அதேதான், கணக்குதான் வேறு.

சரி, உன் பொம்மைக்கு வருவோம். சைனோசாரோப்டெரிக்ஸ் செய்தால் வாலில் செம்பழுப்புப் பட்டை தீட்டு. அதன் இறகிழைகளில் நிறமித் துகள்கள் எஞ்சியிருந்ததை 2010-ல் காட்டினார்கள். ஒவிராப்டர் என்றால் உடல் நிறம் உன் இஷ்டம், ஆதாரமில்லை என்று அட்டையில் எழுதிவிடு. முட்டைகளைக் கோழிமுட்டை போல உருட்டாமல் நீளமாக உருட்டி, நடுவில் இடம் விட்டு வட்டமாக அடுக்கு. வெள்ளை அடித்துவிடாதே. அதன் சீன உறவினமான ஹெயுவானியாவின் முட்டை ஓட்டில் நீலப்பச்சை தரும் நிறமிகள் கிடைத்திருக்கின்றன.

அன்புடன்,
அத்தை