கல்லில் பூத்த வண்ணம்: ஓவியர் ரவிவர்மா கற்ற அச்சுப் பாடம்



பாட்டி வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தாமரை மேல் நிற்கும் லட்சுமியைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூலம் எது என்று தேடிப் போனால் பெரும்பாலும் ராஜா ரவிவர்மாவிடம் (1848–1906) போய் நிற்போம். எண்ணெய் வண்ண ஓவியத்தில் அவருக்கு நிகர் அவரே. ஆனால் 1894-இல் பம்பாயில் சொந்தமாக அச்சகம் தொடங்கியபோது, தூரிகை பழகாத சிக்கல்கள் வரிசையாக வந்து நின்றன. அச்சுத்தொழில் படிக்கிற நமக்கு அதில் நல்ல பாடம் இருக்கு!

ஏன் அச்சகம்?

ஓர் ஓவியம் ஓர் அரண்மனையில்தான் தொங்கும். ஆசைப்பட்டவர்களோ ஏராளம். படங்களை அச்சிட்டுப் பரப்பலாமே என்று திவான் டி. மாதவராவ் முன்பே யோசனை சொல்லியிருந்தார். ரவிவர்மாவும் தம்பி ராஜராஜவர்மாவும் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களையும் தொழில் தெரிந்தவர்களையும் வரவழைத்தார்கள். முதலில் வெளிவந்த படம் ‘சகுந்தலையின் பிறப்பு’.

கல் எப்படி அச்சிடும்?

எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது. அவ்வளவுதான் விஷயம்! வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மையால் வரைய வேண்டும். பிறகு கருவேலம் பிசினும் துளி அமிலமும் பூசிப் பக்குவப்படுத்துவார்கள். கல்லை நனைத்து உருளையால் மை தடவினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும்; ஈர இடம் தள்ளிவிடும். நம்ம ஆஃப்செட் பிளேட்டில் இன்றும் நடப்பது இதேதான்.

மூன்று சிக்கல்கள்

1. இடம் வலமாகும்: கல்லில் வரைந்தது தாளில் இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல விழும். சாதாரணப் படத்தில் பரவாயில்லை. சாமி படத்தில் ஆசி தரும் வலக்கை இடக்கையாக மாறினால் யார் வாங்குவார்? எனவே வெளிக்கோட்டைப் பிரதியெடுத்துத் திருப்பிப் போட்டு வரைய வேண்டும்.

2. நிறம் பிரித்தல்: ஓவியர் தட்டிலேயே வண்ணத்தைக் குழைப்பார். கல்லுக்கு அது தெரியாது. ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரு பெண்ணின் கன்னத்துக்கே மஞ்சள், இளஞ்சிவப்பு, பழுப்பு என்று பிரித்து, புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். எது முதலில் விழும், எது மேலே விழும் என்பதையும் முன்கூட்டியே மனசில் பார்க்க வேண்டும்.

3. ரெஜிஸ்ட்ரேஷன்: பத்துக் கல் என்றால் தாள் பத்து முறை இயந்திரத்துக்குள் போகும். ஆயிரம் படத்துக்குப் பத்தாயிரம் அழுத்தம்! இடையில் மை காய வேண்டும். ஈரக் காற்றில் தாள் ஒரு நூலளவு விரிஞ்சா போச்சு. உதட்டுச் சிவப்பு தாடைக்கு இறங்கிடும்.

இதையெல்லாம் கல்லில் செய்தது ரவிவர்மாவின் கை அல்ல; அச்சகக் கைவினைஞர்களின் கை. அசலில் இருந்த மென்மை அச்சில் கொஞ்சம் கெட்டிப்பட்டுத்தான் வந்தது. தன் படத்தை இன்னொருவர் கையை நம்பி ஒப்படைப்பது ஓவியருக்கு லேசான காரியமா?

நான்காவது சிக்கல்

அதுதான் பணம்! 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1899-இல் அச்சகம் லோனாவாலாவுக்கு அருகே மாளவ்லிக்கு இடம் மாறியது. கடன் ஏறியது. 1900-களின் தொடக்கத்தில், அங்கேயே வேலை பார்த்த ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லெய்ஷருக்கு அச்சகத்தை விற்க நேர்ந்தது. வரையத் தெரிந்தவரிடமிருந்து அச்சிடத் தெரிந்தவரிடம் அது கைமாறியது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் தோல்வியா? இல்லை. கோயில் வாசலுக்குள் விடப்படாதவர்களின் குடிசையிலும் அந்தப் படங்கள் சாமியைக் கொண்டுபோய் வைத்தன. பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் படங்களும் இந்தப் பாதையில் வந்தவையே. மாளவ்லி அச்சகம் 1972-இல் தீயில் அழிந்தது, படங்கள் அழியவில்லை.

நண்பர்களே! நாளை ஓர் ஓவியர் நம்மிடம் படத்தோடு வந்து, “கலர் அப்படியே வரணும்” என்பார். ‘வராது சார்’ என்று ஒரே வார்த்தையில் முடிக்க வேண்டாம். ஏன் மாறும், எவ்வளவு மாறும், எதைக் காப்பாற்றலாம் என்று உட்கார்ந்து பேசுவோம். தூரிகைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நிற்பவர்கள் நாம்தான்!