ஆயில் பம்ப் இறுக்கமாகச் சுற்றுகிறதா?

1985-இல் வந்த புரோட்டான் சாகாவை இன்னும் ஓட்டுபவர்கள் காம்பார் பக்கம் இருக்கிறார்கள். இன்ஜினை ஓவர்ஹால் செய்தால், பூட்டுவதற்கு முன்பே ஆயில் பம்பைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ஆயில் தடவிய பம்ப் சற்றுக் கனமாகத்தான் சுற்றும். அந்தக் கனம் சீராக இருந்தால் கவலையில்லை. ஒரே இடத்தில் மட்டும் பிடித்துப் பிடித்து விடுகிறதா? மூடியைக் கழற்றி ரோட்டர் ஓரங்களை நகத்தால் வருடுங்கள். பிசிறோ உலோகத் துகளோ தட்டுப்படலாம். ரோட்டரைத் திருப்பிப் போட்டிருந்தாலும் இறுகலாம், புள்ளிக் குறியைச் சரிபாருங்கள். மூடி ஸ்க்ரூக்களை ஒரு பக்கமாகவே முறுக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. எல்லாவற்றையும் தளர்த்தி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்து, மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கண்மதிப்பு இங்கே உதவாது.

பற்களின் இடுக்கில் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். கிரீஸ் வேண்டவே வேண்டாம். எளிதில் கரையாமல் ஆயில் வழியை அடைத்துவிடும்.

இன்ஜினைப் பூட்டிய பிறகு, கிராங்க் ஷாஃப்ட் நேரடியாகச் சுழற்றும் பம்ப் என்றால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரை 10 விநாடி சுற்றுங்கள். ஆறவிட்டு மறுபடியும் சுற்றுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகே பிளக்கைப் பூட்டுங்கள். விளக்கு அணையவே இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். உறிஞ்சுகுழாயின் கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்கு மாலிம் நாவார் பக்கத்துச் சமதளச் சாலை போதும். குவா தெம்புருங் ஏற்றம் பிறகு.